அன்லெஸ் என்ற ஒரு சொல்லில் போன 180 கிலோ நண்டும், அதற்கப்புறம் நான் சேர்ந்த ஆங்கில வகுப்பும்

முப்பத்தாறு வயதில், ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற மண்டபம் என்ற ஊரில் நண்டு எடை போடுகிற ஆள், பிளஸ் டூ பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஆங்கில இணைப்புச் சொல் படிக்க வேண்டிய அவசியம் என்ன என்று கேட்பீர்கள். வகுப்பைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் அந்தக் கதையை முடித்துவிடுகிறேன்.

எங்கள் ஷெட்டில் நாட்டுப்படகுக்காரர்களிடம் நண்டு வாங்கி, தரம் பிரித்து, ஐஸ் போட்டு, தூத்துக்குடிப் பக்கம் இருக்கிற ஒரு ஏற்றுமதி கம்பெனிக்கு அனுப்புவோம். வேன் அவர்களுடையது. கணக்கு, பில், மெயில் மூன்றும் என் தலையில். அங்கே இருக்கிற மேனேஜர் மலையாளி, வாயால் பேசினால் தமிழ் புரியும், ஆனால் எதுவாக இருந்தாலும் ஆங்கிலத்தில் மெயிலாக வர வேண்டும் என்பது அவர்கள் கம்பெனி சட்டம். போன மார்ச்சில் ஒரு நாள் காலையில் ஐஸ் பாக்டரியில் மோட்டார் படுத்துவிட்டது. ஐஸ் வராவிட்டால் வேனை அனுப்ப வேண்டாம், வீண் டீசல் என்று சொல்ல நினைத்து நான் எழுதியது இது: "அன்லெஸ் ஐஸ் டஸ் நாட் கம், ப்ளீஸ் டோன்ட் ஸென்ட் த வேன்."

மூன்று மணிக்கு ஐஸ் வந்துவிட்டது. சந்தோஷமாக "ஐஸ் கேம் ஸார்" என்று வாட்ஸ்அப்பில் போட்டேன். அவரும் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். ஆறு ஆச்சு, ஏழு ஆச்சு, எட்டும் ஆச்சு, வேனைக் காணோம். போன் போட்டால் மனுஷன் நிதானமாகச் சொல்கிறார், ஐஸ் வந்தால் வேன் வேண்டாம் என்று நீங்கள்தானே எழுதினீர்கள், ஐஸ் வந்ததாகவும் நீங்கள்தானே சொன்னீர்கள். மெயிலை எடுத்து நாலு தடவை படித்துப் பார்த்தேன். அப்போதும் என் தப்பு எனக்குத் தெரியவில்லை என்பதுதான் கொடுமை. வந்திருந்த ஐஸ் வேன் வரும்வரைதான் தாங்கும், விடிவதற்குள் பெட்டியில் பாதி தண்ணீர். 180 கிலோ நண்டை மறுநாள் உள்ளூரில் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டோம். முதலாளி அதிகம் திட்டவில்லை. "தெரியலைன்னா தமிழ்ல எழுதித் தொலைய வேண்டியதுதானடா" என்று ஒரே வரி. அது போதுமே.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஓடாது, நாட்டுப்படகுச் சரக்கு மட்டும்தான், அதனால் சாயங்காலம் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். அந்த ஓய்வில்தான் சேர்ந்தேன். மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில் ஒரு வீட்டு மாடி, ஓய்வுபெற்ற ஆங்கில டீச்சர் ஒருவர் நடத்துகிறார். பெயரும் இடமும் போடவில்லை, ஏனென்றால் அவர் பதினைந்து பேருக்கு மேல் எடுப்பதில்லை, கூட்டம் வந்தால் என்னைத்தான் திட்டுவார், அதோடு கீழே நான் சொல்லப்போகிற குறைகளைப் படித்தாலும் என்னைத்தான் திட்டுவார். ஆறு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், ஏழு மணியிலிருந்து எட்டரை வரை. கட்டணம் 2,200 ரூபாய், ஜெராக்ஸ் நோட்ஸுக்குத் தனியாக 150. ஆங்கிலத்தில் இரண்டு எண்ணத்தை ஒரு வாக்கியமாகச் சேர்ப்பது எப்படி என்பது மட்டுமே பாடம். ஸ்போக்கன் இங்கிலீஷ் கிடையாது, தன்னம்பிக்கை உரை கிடையாது. இந்த மாவட்டத்தில் எந்த டியூஷனுக்குப் போனாலும் சுவரில் கலாம் படம் இருக்கும், இங்கேயும் இருக்கிறது. ஆனால் கனவு காணுங்கள் என்று யாரும் ஆரம்பிக்கவில்லை, அதற்கே அரை மார்க் கொடுக்கலாம்.

எங்கள் பேட்சில் தனுஷ்கோடிக்கு டூரிஸ்ட் ஏற்றுகிற ஆட்டோக்கார அண்ணன் ஒருவர், வெளிநாடு போக ஐஇஎல்டிஎஸ் என்கிற ஆங்கிலத் தேர்வு எழுதப் போகிற நர்ஸ் ஒருத்தி, துபாயில் மாமாவின் கடைக்குப் போகக் காத்திருக்கிற கீழக்கரைப் பையன், பிளஸ் டூ முடித்த பெண்பிள்ளைகள் நான்கு பேர், அப்புறம் நான். முதல் நாள் டீச்சர் போர்டில் எதுவும் எழுதவில்லை. ஆட்டோ அண்ணனைப் பார்த்து, "காலைல எந்திரிச்சதுலருந்து முதல் சவாரி வரைக்கும் என்ன பண்ணுனீங்க, தமிழ்லயே சொல்லுங்க" என்றார். அவர் சொன்னதை நான் அப்படியே நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: "அஞ்சு மணிக்கு எந்திரிச்சு, பல்ல வெளக்கிட்டு, டீயக் குடிச்சிட்டு, வண்டியத் தொடச்சு, பெட்ரோலப் போட்டு, ஸ்டேஷனுக்குப் போயி, ஒரு வடநாட்டுக் குடும்பத்த ஏத்திக்கிட்டு கிளம்புனேன் டீச்சர்."

"இதுல எத்தன வாக்கியம்?" என்று கேட்டார். யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஒன்றுதான். எட்டு வேலை செய்திருக்கிறார், முற்று ஒன்றே ஒன்று, கிளம்பினேன். மற்றதெல்லாம் வினையெச்சம், எழுந்து, விளக்கிவிட்டு, குடித்துவிட்டு என்று ஒன்றின் வால் இன்னொன்றில் மாட்டிக்கொண்டு போகிறது. நடுவில் இணைப்புச் சொல் என்று தனியாக எதுவுமே கிடையாது. இப்போது இதையே ஆங்கிலத்தில் சொல்லுங்கள் என்றதும் அண்ணன் தைரியமாக ஆரம்பித்து, "ஐ காட் அப் ஆண்ட் பிரஷ் ஆண்ட் டீ ஆண்ட் க்ளீன் த ஆட்டோ ஆண்ட் பெட்ரோல் ஆண்ட்..." என்று போய் ஆறாவது ஆண்ட் வந்ததும் மூச்சு வாங்கி நின்றுவிட்டார். எல்லோரும் சிரித்தோம், அவரும்தான். டீச்சர் சிரிக்கவில்லை. "தப்பு அவர் மேல இல்ல, தமிழ் வால்ல கட்டுது, இங்கிலீஷ் தலையில கட்டுது, நீங்க வால்ல கட்டுன பழக்கத்தோட வந்து தலையத் தேடுறீங்க" என்றார். எனக்கு அங்கேயே 2,200 வசூலாகிவிட்டது.

அதற்கப்புறம் அந்த எட்டு வேலையை எப்படிப் பங்கு போடுவது என்று முக்கால் மணி நேரம் பார்த்தோம். எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கோர்க்க ஆங்கிலம் விடாது, இரண்டு மூன்றாகப் பிரிக்க வேண்டும். "ஐ காட் அப் அட் ஃபைவ், பிரஷ்ட் மை டீத் ஆண்ட் ஹேட் டீ" என்று ஒன்று. ஆண்ட் கடைசிக்கு முன்னால் ஒரே தடவைதான் வரும். "ஆஃப்டர் ஐ க்ளீன்ட் த ஆட்டோ, ஐ ஃபில்ட் பெட்ரோல்" என்று இன்னொன்று. எந்த வேலை முக்கியமோ அது தனி முற்றோடு நிற்கட்டும், மற்றது அதைத் தாங்கிக்கொண்டு நிற்கட்டும். அதைத் தீர்மானிப்பது நீங்கள்தான், இலக்கணம் இல்லை. பள்ளிக்கூடத்தில் சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ் என்று மாற்றி மாற்றி எழுதி மார்க் வாங்கியவன்தான் நானும், ஏன் மாற்றுகிறோம் என்று அன்றைக்கு யாரும் சொன்னதில்லை.

இரண்டாம் நாள் தொல்காப்பியம் வந்தது. ஆங்கில வகுப்பில் தொல்காப்பியம் கேட்டது எனக்கு இதுதான் முதல் தடவை. இடையியல் என்று ஒரு இயலே இடைச்சொல்லுக்காக இருக்கிறது, அதில் உம் என்கிற ஒரு துண்டுக்கு மட்டும் எட்டுப் பொருள் சொல்லியிருக்கிறார்கள் என்று டீச்சர் எழுதிப்போட்டார். எட்டையும் நான் ஒப்பிக்கப் போவதில்லை, விஷயம் வேறு. "நண்டும் கணவாயும் இறாலும் வந்தது" என்பதில் வருகிற உம் ஆங்கிலத்தில் ஆண்ட். "முதலாளியும் வந்தார்" என்பதில் வருகிற உம் ஆல்ஸோ, இல்லையென்றால் டூ. "மூணு பெட்டியும் கெட்டுப்போச்சு" என்றால் ஆல். "ஒரு கிலோவும் தேறல" என்றால் ஈவன். நமக்கு எல்லாம் ஒரே உம். அதனால்தான் "ஓனர் ஆண்ட் கேம்" என்று எழுதுகிற அளவுக்குப் போகாவிட்டாலும், எங்கே ஆல்ஸோ எங்கே ஈவன் என்று கை தடுமாறுகிறது. இந்தப் பாடத்தை எந்த வீடியோவிலும் நான் பார்த்ததில்லை. ஆங்கில இலக்கணம் சொல்லித் தருகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், தமிழ்க்காரனின் கை எந்த இடத்தில் வழுக்கும் என்று தெரிந்து சொல்லித் தருகிறவர்கள் ரொம்பக் குறைவு.

பிகாஸுக்கு இரண்டு வகுப்பு முழுசாகப் போனது. பிகாஸில் வாக்கியத்தை ஆரம்பிக்கக்கூடாது என்று நம் எல்லோரையும் பள்ளிக்கூடத்தில் பயமுறுத்தியிருப்பார்கள். அப்படி ஒரு சட்டமே கிடையாதாம். "பிகாஸ் த ஐஸ் மெல்ட்டட், வீ ஸோல்ட் த க்ராப் லோக்கலி" என்பது நல்ல ஆங்கிலம், நடுவில் கமா போட்டால் போதும். தப்பு எங்கே என்றால், "ஐ டிட் நாட் கம் யெஸ்டர்டே" என்று புள்ளி வைத்துவிட்டு, "பிகாஸ் ஐ ஹேட் ஃபீவர்" என்று தனியாக ஒரு வாக்கியம் எழுதுகிறோமே, அங்கே. தமிழில் "நேற்று வரவில்லை. ஏனென்றால் காய்ச்சல்" என்று தாராளமாகப் புள்ளி வைத்து எழுதலாம், ஏனென்றால் என்கிற சொல் தன் காலில் நிற்கும். பிகாஸ் நிற்காது, அதற்கு முன்னாலோ பின்னாலோ ஒரு முழு வாக்கியம் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வெள்ளைக்காரனே தனியாகத்தான் எழுதுகிறான், அது வேறு, பில்லோடு போகிற மெயிலில் எழுதக்கூடாது.

அதே வகுப்பில் ஒரு பெண்பிள்ளை கேட்ட கேள்வியால் என் பழைய மெயில் ஒன்று ஞாபகம் வந்து வயிறு கலங்கியது. "வீ டிட் நாட் ஸெல் பிகாஸ் த ப்ரைஸ் வாஸ் லோ." இதற்கு என்ன அர்த்தம்? விலை குறைவாக இருந்ததால் விற்கவில்லை என்றும் படிக்கலாம். விற்றோம், ஆனால் விலை குறைவு என்பதற்காக விற்கவில்லை, காரணம் வேறு என்றும் படிக்கலாம். நாட் என்பது விற்பதைப் பிடிக்கிறதா பிகாஸைப் பிடிக்கிறதா என்று எழுத்தில் தெரியாது. முதல் அர்த்தம்தான் வேண்டும் என்றால் பிகாஸுக்கு முன்னால் ஒரு கமா போடலாம், அதைவிடக் காரணத்தைத் தூக்கி முன்னால் வைத்துவிட்டால் சண்டையே இல்லை. தமிழில் "விலை குறைவாக இருந்ததால் விற்கவில்லை" என்று காரணம் தானாகவே முன்னால் வந்துவிடுகிறது, அந்த வரிசையையே ஆங்கிலத்திலும் வைத்துக்கொண்டால் தப்பித்தோம்.

ஆல்தோவும் பட்டும் ஒரே வாக்கியத்தில் வரக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி, தெரிந்தும் எல்லோரும் செய்கிற தப்பு. "ஆல்தோ த விண்ட் வாஸ் ஸ்ட்ராங், பட் வீ வென்ட்." ஏன் வருகிறது? நாம் பேசும்போது "காத்து பலமா அடிச்சாலும்கூட, ஆனாலும் போனோம்" என்று இரண்டு பக்கமும் அழுத்திப் பேசுகிறவர்கள், அந்த அழுத்தம்தான். ஆங்கிலத்தில் ஒரு பக்கம் கட்டினால் போதும். அதைவிட முக்கியமானது அடுத்த அரை மணி நேரத்தில் வந்தது. "காத்தடிச்சாலும் போனோம்", "காத்தடிச்சாலும் போவோம்", இந்த இரண்டிலும் அடித்தாலும் ஒன்றுதான். முதலாவதில் காற்று அடித்தது உண்மை, அங்கே ஈவன் தோ: "ஈவன் தோ த விண்ட் வாஸ் ஸ்ட்ராங், வீ வென்ட்." இரண்டாவதில் அடிக்கலாம், அடிக்காமலும் போகலாம், அங்கே ஈவன் இஃப்: "ஈவன் இஃப் த விண்ட் இஸ் ஸ்ட்ராங், வீ வில் கோ." நடந்ததா, நடந்தாலுமா என்பதைத் தமிழில் கடைசியில் வருகிற போனோம், போவோம் சொல்லிவிடும், ஆங்கிலத்தில் வாயைத் திறக்கும்போதே முடிவு செய்தாக வேண்டும். கீழக்கரைப் பையன் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப துபாய் விசா வராட்டியும் போவேன்னு சொல்லணும்னா ஈவன் இஃப்பா டீச்சர்?" என்றான். "விசா வராட்டி எப்படிப் போவ?" என்றார் டீச்சர். அதற்கு ஆங்கிலத்தில் இணைப்புச் சொல் இல்லை.

மூன்றாவது வாரம் என் வாரம். அன்லெஸ். டீச்சரிடம் என் நண்டுக் கதையைச் சேரும்போதே சொல்லியிருந்தேன், அவர் அதைப் போர்டில் பெரிதாக எழுதிவிட்டார், எல்லோர் முன்னாலும் என் மானம் காய்ந்தது. ஆனால் விளக்கம் தெளிவு. அன்லெஸ் என்ற சொல்லுக்குள்ளேயே இல்லை என்பது இருக்கிறது, வராவிட்டால் என்பதில் ஆ ஒளிந்திருக்கிற மாதிரி. அதற்கு மேல் நான் டஸ் நாட் போட்டதால் இல்லை இரண்டு தடவை வந்து ஒன்றையொன்று அடித்துவிட்டது. ஐஸ் வராமல் போகாவிட்டால் வேன் வேண்டாம், அதாவது ஐஸ் வந்தால் வேன் வேண்டாம். மேனேஜர் படித்தது நூற்றுக்கு நூறு சரி. சந்தேகம் வந்தால் அன்லெஸை விட்டுவிட்டு இஃப் நாட் போடு, யாரும் மார்க் குறைக்கப் போவதில்லை என்றார். அன்டிலும் இதே ஜாதிதான், "நான் வராத வரைக்கும் பெட்டியைத் திறக்காதே" என்பதை அப்படியே கொண்டுபோய் "அன்டில் ஐ டோன்ட் கம்" என்று எழுதினால் போச்சு, "அன்டில் ஐ கம்" போதும்.

ஸோவுக்கும் ஸோ தட்டுக்கும் உள்ள வித்தியாசம் என் தொழிலுக்கு நேராகப் பயன்பட்டது. "வீ ஆடட் ஐஸ், ஸோ த க்ராப் டிட் நாட் ஸ்பாயில்" என்றால் நண்டு கெடவில்லை, அது நடந்த செய்தி. "வீ ஆடட் ஐஸ் ஸோ தட் த க்ராப் வுட் நாட் ஸ்பாயில்" என்றால் கெடக்கூடாது என்று ஐஸ் போட்டோம், அவ்வளவுதான், கெட்டதா இல்லையா என்பதைப் பற்றி வாக்கியம் வாயைத் திறக்கவில்லை. சரக்கு தகராறு வருகிற நாளில் இந்த இரண்டில் எதை எழுதினாய் என்பதில் பணம் இருக்கிறது.

ன்னு என்கிற நம்முடைய சர்வரோக நிவாரணியைப் பற்றியும் ஒரு நாள் முழுக்கப் பார்த்தோம். "வர்றேன்னு சொன்னார்", "வருவாரான்னு தெரியல", "ஏன்னு கேட்டேன்", எல்லாவற்றுக்கும் ன்னு. ஆங்கிலத்தில் முதலாவதற்கு தட், "ஹீ ஸெட் தட் ஹீ வுட் கம்", நாம் எழுதுகிற "ஹீ டோல்ட் தட்" தப்பு, டோல்டுக்கு அடுத்து யாரிடம் என்று ஆள் வர வேண்டும். இரண்டாவதற்கு வெதர், "ஐ டோன்ட் நோ வெதர் ஹீ வில் கம்". நான் இதுவரைக்கும் "ஐ டோன்ட் நோ ஹீ வில் கம் ஆர் நாட்" என்று எழுதிக்கொண்டிருந்தேன், அதுவும் பல வருஷமாக. மூன்றாவதற்கு இணைப்பே வேண்டாம், ஒய் தானே கட்டிக்கொள்ளும். ஐதர் ஆர், நாட் ஒன்லி பட் ஆல்ஸோ, நோ ஸூனர் தேன் எல்லாம் வேகமாக ஓடிவிட்டது, அதெல்லாம் பரீட்சைக்குத்தான்.

இதுவரைக்கும் புகழ்ச்சி. நான்காவது, ஐந்தாவது வாரத்துக்கு வருவோம்.

அந்த 150 ரூபாய் நோட்ஸில் நான்காம் பக்கத்திலிருந்து ஒரு பட்டியல் ஆரம்பிக்கிறது. மோர்ஓவர், ஃபர்தர்மோர், இன் அடிஷன், நெவர்தலெஸ், கான்ஸிக்வென்ட்லி என்று எண்ணிப் பார்த்தேன், 64 சொல். கூடுதல் சொல்ல, எதிர்த்துச் சொல்ல, விளைவு சொல்ல என்று கட்டம் கட்டமாக அடித்து வைத்திருக்கிறார். ஒவ்வொரு கட்டத்திலும் உள்ளவை ஒன்றுக்கொன்று மாற்றாகப் போடலாம் என்கிற மாதிரி இருக்கிறது, அப்படிப் போட முடியாது என்று அவரே முதல் வாரம் காட்டியவர். முதல் மூன்று வாரம் நடத்தியவரும் இந்தப் பக்கத்தை டைப் அடித்தவரும் ஒரே ஆள்தானா என்று எனக்குச் சந்தேகம். வகுப்பிலும் ஒப்பித்தல்தான். ஒருவர் தமிழில் ஒரு சொல் சொல்ல வேண்டும், அடுத்தவர் ஆங்கிலத்தில் நான்கு சொல்ல வேண்டும். ஆட்டோ அண்ணன் அந்த வாரம் இரண்டு நாள் வரவில்லை, சவாரி என்றார், நான் நம்பவில்லை.

இதில் பாதிக்கப்பட்டது அந்த நர்ஸ் தங்கச்சி. ஐஇஎல்டிஎஸ் எழுத்துத் தேர்வில் நான்கு அளவுகோல், நான்குக்கும் சம பங்கு மதிப்பெண், அதில் ஒன்று எண்ணங்கள் எப்படிக் கோர்வையாகப் போகின்றன என்பது. அதனால் இணைப்புச் சொல்லை அள்ளிப் போட்டால் மதிப்பெண் கூடும் என்று அவள் நினைத்துவிட்டாள். அவள் எழுதிய ஒரு கட்டுரையைக் காட்டினாள், கிராமத்தில் ஆஸ்பத்திரி வேண்டுமா என்பது தலைப்பு. முதல் பத்தியிலேயே ஃபர்ஸ்ட்லி, மோர்ஓவர், ஃபர்தர்மோர், இன் அடிஷன், ஹென்ஸ். வாக்கியத்துக்கு ஒன்று. மணலில் போட்ட வலை மாதிரி, கயிறு நிறைய, மீன் இல்லை. அந்தத் தேர்வின் மதிப்பீட்டு விவரத்திலேயே இணைப்புச் சொற்களை அளவுக்கு மீறிப் போடுவதையும் குறையாகத்தான் சொல்லியிருக்கிறார்கள், அதைப் போனில் எடுத்துக் காட்டினேன். டீச்சரிடமும் சொன்னேன், "அது சரிதான் தம்பி, ஆனா புள்ளைங்க லிஸ்ட் கேக்குதுங்க" என்றார். கேட்கிறார்கள் என்பதற்காகக் கொடுத்தால் எப்படி?

ஹவ்எவர் பாடம் மட்டும் அந்தப் பட்டியலுக்கு நடுவில் உருப்படி. பட் மாதிரியே பொருள் இருந்தாலும் ஹவ்எவருக்கு இரண்டு வாக்கியத்தை ஒட்டுகிற சக்தி கிடையாது. "த வேன் கேம், ஹவ்எவர் த ஐஸ் வாஸ் ஓவர்" என்று கமா போட்டு எழுதினால் தப்பு. வேன் கேம் என்பதோடு புள்ளியோ அரைப்புள்ளியோ வைத்துவிட்டு, அப்புறம் ஹவ்எவர், அதற்கப்புறம் கமா. பட் என்றால் கமாவே போதும். ஃபார், ஆண்ட், நார், பட், ஆர், யெட், ஸோ என்று ஏழு சொல்லுக்குத்தான் கமாவோடு இரண்டு முழு வாக்கியத்தை ஒட்டுகிற உரிமை. முதல் எழுத்துகளைச் சேர்த்து ஃபேன்பாய்ஸ் என்று ஞாபகம் வைத்துக்கொள்வார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் பெண்பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் அது எனக்கும் மறக்காது.

பாம்பன் பாலம் வராமல் இருக்குமா? இணைப்புச் சொல் என்றதும் பாலம் என்று யாராக இருந்தாலும் சொல்லித்தான் தீருவார்கள், இங்கே ஜன்னலுக்கு வெளியே கிழக்கே போகிற ஒவ்வொரு வண்டியும் அங்கேதான் போகிறது. 1914இல் ரயில் பாலம், 1988இல் ரோடு பாலம், 2025 ஏப்ரலில் செங்குத்தாகத் தூக்குகிற புதுப் பாலம் என்று டீச்சர் வரலாறே சொல்லிவிட்டார். எனக்கு அந்த உவமை அவ்வளவாக ஒட்டவில்லை. பாலம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் போகும், வரும். பிகாஸ் அப்படி இல்லை, காரணம் ஒரு பக்கம்தான். பக்கம் மாற்றி வைத்தால் ஐஸ் உருகியதால் நண்டு கெட்டது என்பது நண்டு கெட்டதால் ஐஸ் உருகியது என்று ஆகிவிடும். சொன்னேன். "பெரிய ஆளு" என்றார்.

இடத்தைப் பற்றி. மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், மே மாதம், இரண்டு ஃபேன், அதில் ஒன்று பேச்சைவிடச் சத்தம். கச்சான் காற்று எழும்பினால் ஜன்னல் கதவு அடித்துக்கொண்டே இருக்கும், சாத்தினால் வெந்துபோவோம். கொசு உண்டு. ஏழு என்றால் ஏழேகாலுக்குத்தான் ஆரம்பம், எட்டரை என்றால் எட்டரைக்கு மணி அடித்தாற்போல முடிந்துவிடும், அந்தக் கால் மணி நேரம் எங்கள் கணக்கில். கரண்ட் போன இரண்டு நாளுக்கும் பதில் வகுப்பு வைக்கவில்லை. வீட்டுப்பாடம் திருத்துவது மட்டும் உண்மையான உழைப்பு. சிவப்பு மையில் தப்பு என்று கோடு போட்டுவிட்டு நிறுத்துவதில்லை, பக்கத்தில் தமிழில் "இதைத்தான் சொல்ல வந்தீர்களா?" என்று எழுதியிருப்பார். பாதி நேரம், இல்லை.

போனில் மொழிபெயர்ப்பு இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று என் மச்சான் கேட்டான். சரி, போடலாம், நானும் போடுகிறேன். ஆனால் அது கொடுக்கிற வாக்கியத்தில் அன்லெஸ் வந்தால் அதில் இல்லை ஒன்றா இரண்டா என்று பார்க்கத் தெரிந்தவனுக்குத்தான் அது உதவி, தெரியாதவனுக்கு அது இன்னொரு 180 கிலோ.

யார் சேரலாம் என்றால், வேலைக்காக மெயில் எழுதுகிறவர்கள், பேச வரும் ஆனால் எழுத உட்கார்ந்தால் ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனித் தீவாக நிற்கிறதே என்று நினைக்கிறவர்கள், கண்ணை மூடிக்கொண்டு சேரலாம். பேசவே வராது என்பவர்களுக்கு இது சரிப்படாது, முதல் வாரத்திலேயே ஓடிவிடுவீர்கள். ஐஇஎல்டிஎஸ் ஆட்கள் முதல் மூன்று வாரத்துக்கு மட்டும் பணம் கட்ட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், நான் கேட்டதற்கு முடியாது என்றார், உங்களுக்கு முகராசி இருந்தால் தெரியாது. ஐந்துக்கு மூன்றரை ஸ்டார். பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டு அந்த இரண்டு வாரத்தில் மாணவர்களின் மெயில்களையே எடுத்துப் பிரித்துக் காட்டினால் நான்கரை கொடுப்பேன்.

ஜூனில் ஒரு நாள் மறுபடியும் ஐஸ் பிரச்சினை. இந்தத் தடவை "இஃப் த ஐஸ் டஸ் நாட் கம் பை த்ரீ, ப்ளீஸ் டோன்ட் ஸென்ட் த வேன்" என்று எழுதினேன், அனுப்புவதற்கு முன்னால் தமிழில் ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன், ஷெட்டில் நண்டு உடைத்துக்கொண்டிருந்த அக்கா, "யார்ட்டடா பேசுற?" என்றது. ஐஸ் இரண்டரைக்கே வந்தது, வேனும் வந்தது. மேனேஜர் கட்டைவிரல்தான் போட்டார், இருந்தாலும் நான் போன் போட்டு ஒரு தடவை வாயாலும் கேட்டுக்கொண்டேன்.

அடுத்த பேட்ச் ஆடி முடிந்து ஆரம்பிப்பதாகச் சொன்னார். தண்ணீர் பாட்டில் கொண்டுபோங்கள், அங்கே பானை இருக்கிறது, டம்ளர் ஒன்றுதான். நோட்ஸுக்கு 150 கொடுக்க மனசில்லாதவர்கள் ஷெட்டுக்கு வந்தால் என் காப்பியை ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாம், நான்காம் பக்கத்தில் மட்டும் நண்டுத் தண்ணீர் பட்டு எழுத்து ஊறிப்போயிருக்கிறது, அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை.